வீவக வீட்டில் ஒரே இணைப்பு, பத்துச் சாதனம்: இழைப் பெட்டியிலிருந்து கடைசி அறை வரை

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்குவது எளிது. ஹாலில் டிவி, அறையில் மடிக்கணினி, வாசலில் கேமரா, கடைசி அறையில் ஊருக்கு வீடியோ கால் பேசும் அம்மாவின் கைப்பேசி என எல்லாவற்றுக்கும் அதை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சிக்கல். அறையில் படம் சுற்றிக்கொண்டே நின்றால், பலரும் வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். குறை பெரும்பாலும் திட்டத்தில் இருக்காது. ரூட்டர் வைத்த இடத்தில் இருக்கும். அல்லது இழுக்காமல் விட்ட ஒரு கம்பியில் இருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் கேபிள் மோடத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே கேபிள் வழி இணையம் 2019-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. சுவரில் இருக்கும் வட்டமான எஸ்சிவி (பழைய கேபிள் டிவி) பாயிண்டில் எந்த மோடத்தை மாட்டினாலும் இணையம் வராது. வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழை. அதை வாங்கிச் சாதாரண நெட்வொர்க் கம்பிக்கு மாற்றிக்கொடுக்கும் பெட்டி ஓஎன்டி. மோடத்தின் இடத்தில் அதை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒன்றுதான்.

1. முதலில் சுவரைப் பாருங்கள்

விண்ணப்பிக்கும் முன்பே, முடிந்தால் வீட்டைப் பார்க்கப் போகும் நாளிலேயே, நான்கு விஷயங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இழை முடியும் பெட்டி: நாட்டின் இழை வலையமைப்பை நடத்தும் நெட்லிங்க் டிரஸ்ட் பொருத்தும் சிறிய வெள்ளைப் பெட்டி. டிபி என்பார்கள். வாசல் கதவுக்கு அருகில், மின்சார டிபி பாக்ஸுக்குக் கீழே, அல்லது டிவி வைக்கும் சுவரில் தேடுங்கள். (இழைப் பெட்டி TP, மின்சாரப் பெட்டி DB; காதில் ஒரே மாதிரி விழும், தொலைபேசியில் பேசும்போது “ஃபைபர் டிபி” என்று சொல்லிவிடுங்கள்.) பெட்டி மேல் ஓர் எண் ஒட்டியிருக்கும். அதுவும் படத்தில் தெரியட்டும், விண்ணப்பத்தில் கேட்கலாம். முந்தைய குடித்தனக்காரர் அலமாரி செய்து இதை மறைத்திருப்பதும் உண்டு. பலகையைத் தட்டிப் பாருங்கள்.

மின் பாயிண்ட்: ஓஎன்டிக்கு ஒன்று, ரூட்டருக்கு ஒன்று என டிபிக்கு அருகில் இரண்டு வேண்டும். ஒன்றுதான் இருந்தால் பாதுகாப்பு முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்குங்கள்.

அறைகளில் உள்ள நெட்வொர்க் பாயிண்டுகள்: புதிய பிடிஓ (வீவகவிடம் நேரடியாக வாங்கிய) வீடுகளில் ஹாலிலும் படுக்கை அறைகளிலும் ஆர்ஜே45 பாயிண்ட் இருக்கும். அவற்றின் கம்பிகள் டிபி பக்கம் ஓரிடத்தில் வந்து கூடும். பழைய வீடுகளில் தொலைபேசிப் பாயிண்ட் மட்டும்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் தொலைபேசிப் பாயிண்டின் வாய் சிறியது. அந்தக் கம்பியை நம்ப வேண்டாம்.

பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் உள்ள காப்பறை): அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் உள்ள அறைக்கு வைஃபை மெலிந்துதான் போகும். அந்தச் சுவரை ஊடுருவித் துளை போட்டுக் கம்பி இழுக்க அனுமதி கிடையாது. வேலைக்கு வருபவர் “பரவாயில்லை” என்று சொன்னாலும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

2. விண்ணப்பம்: ஆவணம், காலம், காசு

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சிங்பாஸ் வழியாக நுழைந்தால் விவரம் தானாக நிரம்பிவிடும். வேலை அனுமதியில் வந்தவர்கள் அனுமதி அட்டை, கடப்பிதழ், முத்திரைத் தீர்வை கட்டிய வாடகை ஒப்பந்தம் மூன்றையும் தயாராக வைத்திருங்கள். அனுமதி முடியும் தேதியையும் பார்ப்பார்கள். ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே அது முடிவதாக இருந்தால் முன்பணம் கேட்கும் நிறுவனமும் உண்டு.

முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, புளோக் எண், மாடி எண், வீட்டு எண் நான்கையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபாருங்கள். ஒரு மாடி தவறினால் இணைப்பு வேறொரு வீட்டுக்குப் பதிவாகும், திருத்துவதற்குள் வாரம் போய்விடும்.

காலத்தைப் பொறுத்தவரை, குடிபோவதற்கு இரண்டு வாரம் முன்னால் விண்ணப்பித்துவிடுங்கள். டிபி ஏற்கெனவே இருக்கும் வீட்டில் வேலை சில நாளில் முடிந்துவிடும். டிபியே இல்லாத வீட்டில் இழை இழுக்கத் தனியாக ஒருவர் வரவேண்டும். அதற்குத் தனி நாள், தனிக் கட்டணம், சில சமயம் வெளியே தெரியும்படி டிரங்கிங் (கம்பியை மூடும் பிளாஸ்டிக் குழாய்). இன்னொன்று: எஸ்பி சர்வீசஸில் மின்சாரக் கணக்குத் திறந்து வீட்டில் விளக்கு எரிந்த பிறகே ஆள் வரச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாமல் ஓஎன்டியைச் சோதிக்க முடியாது, வந்தவர் திரும்பிப் போய்விடுவார். குறித்த நேரத்தில் வீட்டில் பெரியவர் ஒருவர் இல்லாவிட்டாலும் அதே கதி. மறுமுறை வரக் கட்டணம் போடலாம்.

காசு விஷயத்தில் விளம்பரத்தில் பெரிதாகப் போடும் மாதக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். தோராயமாக மாதம் 30 முதல் 60 வெள்ளிக்குள் பெரும்பாலான வீட்டுத் திட்டங்கள் அடங்கிவிடும். அதற்கு மேல் இணைப்பைத் திறக்கும் கட்டணம், ஆள் வந்து பொருத்தும் கட்டணம், ரூட்டர் கொண்டுவந்து தரும் கட்டணம் என்று ஒருமுறைச் செலவுகள் முதல் பில்லில் வந்து நிற்கும். இவை தள்ளுபடியா இல்லையா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

பெரிய பொறி ஒப்பந்தக் காலம். வழக்கமான திட்டம் 24 மாதம். வாடகை ஒப்பந்தம் பலருக்கு 12 மாதம்தான். இடையில் வீடு மாறினால் முகவரி மாற்றத்துக்குக் கட்டணம், நாட்டை விட்டே போனால் மீதி மாதங்களுக்கு அபராதம். ஓராண்டுதான் இருப்பேன் என்று தெரிந்தால் ஒப்பந்தமில்லாத திட்டம் எடுங்கள். மாதம் சில வெள்ளி கூடுதலாக இருக்கலாம், ரூட்டர் இலவசமாக வராது, ஆனாலும் கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு. 24 மாதத் திட்டம் எடுத்தவர்கள் முடியும் தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் போட்டு வையுங்கள். அன்றோடு சலுகை முடிந்து கட்டணம் ஏறும், பலருக்கு அது தெரிவதே இல்லை.

அறை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இந்தப் பகுதி வேண்டியதில்லை. வாடகையில் இணையம் அடக்கமா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், 8-ஆம் பகுதிக்குப் போங்கள்.

3. எத்தனை ஜிகாபிட் வேண்டும்?

4கே படம் ஒன்று ஓட 25 மெகாபிட் தாராளம். சாதாரண எச்டி படத்துக்கு 5, வீடியோ கூட்டத்துக்கு 4 போதும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் பேசினாலும் 200 மெகாபிட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே 1 ஜிகாபிட் (1,000 மெகாபிட்) திட்டமே ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு மிச்சம்.

10 ஜிகாபிட் திட்டம் இப்போது மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அந்த வேகம் உள்ளே வர ஓஎன்டி, ரூட்டரின் வேன் போர்ட் (வெளி இணைப்பு நுழையும் வாய்), சுவிட்ச் (ஒரு நெட்வொர்க் கம்பியைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி), கம்பி, கணினியின் போர்ட் எல்லாமே 10 ஜிகாபிட்டாக இருக்கவேண்டும். நடுவில் ஒன்று 1 ஜிகாபிட்டாக இருந்தால் மொத்தமும் 1 ஜிகாபிட்தான். விலை வித்தியாசம் மாதம் ஒரு காப்பிச் செலவு என்றால் எடுங்கள், தப்பில்லை. அதற்காக 500 வெள்ளிக்கு ரூட்டர் வாங்குவது என் கணக்கில் வீண். அந்தப் பணத்தில் மூன்று அறைக்குக் கம்பி இழுக்கலாம்.

4. பெட்டி ஒன்றா, இரண்டா?

நிறுவனம் இரண்டில் ஒன்றைத் தரும்.

ஓஎன்டி: இழையைக் கம்பியாக மாற்றும், அவ்வளவுதான். வைஃபை வராது. இதற்குப் பின்னால் உங்கள் ரூட்டர் வேண்டும்.

ஓஎன்ஆர்: ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே பெட்டியில். செருகினால் வைஃபை வந்துவிடும்.

சிக்கல் ஓஎன்ஆரில் தொடங்குகிறது. அதன் பின்னால் நீங்கள் வாங்கிய நல்ல ரூட்டரையும் அப்படியே மாட்டினால் ஒரு வீட்டில் இரண்டு ரூட்டர். இரண்டும் சாதனங்களுக்கு முகவரி பங்கிடும், இரண்டும் தன் பின்னால் உள்ளவற்றை மறைக்கும். படம் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. ஆனால் டிவிக்குக் கைப்பேசியிலிருந்து படம் அனுப்ப முடியாது, பிரிண்டர் காணாமல் போகும், விளையாட்டுக் கருவி குறை சொல்லும். இரண்டுக்கும் 192.168.1.1 என்ற அதே முகவரி இருந்தால் இணையமே நின்றுபோகலாம். தீர்வு இரண்டு:

அ. ஓஎன்ஆரை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டுவிட்டு ஓஎன்டி வேலையை மட்டும் செய்வது) மாற்றித் தரும்படி நிறுவனத்தைக் கேளுங்கள். சிலர் தொலைபேசியிலேயே மாற்றிவிடுவார்கள்.

ஆ. மாற்ற மறுத்தால் உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (வைஃபை மட்டும் கொடுப்பது) மாற்றுங்கள். ரூட்டர் செயலியில் “ஏபி மோட்” என்று இருக்கும். அந்த வசதி இல்லாத பழைய ரூட்டரென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (ஓஎன்ஆர் 192.168.1.1 என்று இருந்தால்), டிஎச்சிபியை (முகவரி பங்கிடும் வசதி) அணைத்து, ஓஎன்ஆரிலிருந்து வரும் கம்பியை வேன் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களுக்கான வாய்) செருகுங்கள். வரிசை முக்கியம். டிஎச்சிபியை அணைக்காமல் லேனில் செருகினால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். சில சாதனம் ஓடும், சில ஓடாது, எது ஏன் என்றே புரியாது.

ஊரிலிருந்து ரூட்டர் கொண்டுவரலாமா என்று பலர் கேட்பதுண்டு. அங்கே ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டி அந்த நிறுவனத்துக்கென்றே பூட்டப்பட்டது, இங்கே பேப்பர் வெயிட்தான். பழைய டிஎஸ்எல் பெட்டியில் வேன் போர்ட் இருக்காது. கடையில் தனியாக வாங்கிய ரூட்டர் ஓடும், ஆனால் பிளக் மாறும், போர்ட் 100 மெகாபிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) பதிவு உள்ள ரூட்டர் வாங்குவதே சரி. 2021 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் வீட்டு ரூட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்டியிருக்கவேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற பழைய வழக்கம் அதோடு போனது. வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு இந்த முத்திரை இல்லாமல் போகலாம்.

5. முதல்முறை இயக்குவது

இழையின் முனை பச்சை நிறத்தில் இருக்கும். அதன் மூடியை எடுத்தால் விரல் படக்கூடாது, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. இழையைக் கூர்மையாக மடக்காதீர்கள். மிச்சக் கம்பியைக் கட்டிவைக்க வேண்டுமென்றால் உள்ளங்கை அகல வளையமாகச் சுற்றுங்கள், ரப்பர் பேண்டால் இறுக்காதீர்கள். டிபியில் இரண்டு வாய் இருந்தால் எது உங்களுக்குத் திறக்கப்பட்டது என்று நிறுவனம் சொல்லும். முந்தையவரின் இணைப்பு முதல் வாயில் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

பிறகு இந்த வரிசை:

முதலில் ஓஎன்டிக்கு மட்டும் மின்சாரம். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். “பிஓஎன்” விளக்கு பச்சையாக அசையாமல் நிற்கவேண்டும். “எல்ஓஎஸ்” விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை. செருகியதைச் சரிபாருங்கள், டிபியின் அடுத்த வாயில் போட்டுப் பாருங்கள். அப்படியும் சிவப்பு என்றால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

அடுத்து ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து ரூட்டரின் வேன் போர்ட்டுக்குக் கம்பி. வேன் போர்ட் வேறு நிறத்தில் தனியாக இருக்கும். ரூட்டருக்கு மின்சாரம் கொடுங்கள்.

பிறகு ரூட்டர் செயலியில் இணைப்பு வகை கேட்டால் “தானாக ஐபி” போதும். இங்கே பெரும்பாலும் பயனர்பெயர், கடவுச்சொல் கிடையாது. சில நிறுவனங்களுக்கு விலேன் எண் (இணையத்தையும் டிவியையும் பிரித்துக் காட்டும் எண்) போடவேண்டும். ஆசுஸ் ரூட்டரில் லேன் பக்கத்தில் ஐபிடிவி என்ற தாளைத் திறந்தால் சிங்டெல், எம்1 பெயர்கள் பட்டியலில் இருக்கும், தேர்ந்தெடுத்தால் எண் தானே வரும். டிவி செட்-டாப் பாக்ஸ் வாங்கியிருந்தால் அதை எந்த போர்ட்டில் செருகவேண்டும் என்பதையும் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். வேறு போர்ட்டில் செருகினால் இணையம் வரும், சேனல் வராது.

ரூட்டரை மாற்றும்போது ஒரு பொறி. பழைய ரூட்டரின் அடையாளத்தை நிறுவனத்தின் பக்கம் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். புதியதைச் செருகியும் இணையம் வராவிட்டால் ரூட்டரை நோண்டாதீர்கள். ஓஎன்டியை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஓஎன்டி, ரூட்டர் என்ற வரிசையில் இயக்குங்கள்.

கடைசியாக, மடிக்கணினியை ரூட்டரின் லேன் போர்ட்டில் கம்பியால் செருகி வேகம் பாருங்கள். 1 ஜிகாபிட் திட்டத்தில் 900 மெகாபிட்டுக்கு மேல், 940 வரை வரவேண்டும். வந்தால் நிறுவனத்தின் வேலை முடிந்தது. இனி வருவதெல்லாம் வீட்டுக்குள் உள்ள கதை. 94 வந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

6. கம்பி

அசையாத சாதனம் எதுவும் வைஃபையில் இருக்கவேண்டியதில்லை. டிவி, மேசைக் கணினி, விளையாட்டுக் கருவி, கேமரா ரெக்கார்டர் நான்கையும் கம்பிக்கு மாற்றினாலே மிச்சமுள்ள கைப்பேசிகளுக்கு வைஃபை விசாலமாகிவிடும்.

கம்பி கேட் 6 தரம் போதும். ஜிகாபிட் வேகம் கேட் 5இ-யிலேயே 100 மீட்டர் ஓடும். கேட் 6 என்றால் 10 ஜிகாபிட்டும் 55 மீட்டர் வரை ஓடும், எந்த வீவக வீட்டிலும் அவ்வளவு தூரம் இல்லை. கேட் 7, கேட் 8 என்று கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தில் செம்புப் பூச்சுப் பூசியது மலிவு, மடக்கினால் உடையும். சிறு கம்பிகளுக்குச் சில வெள்ளி, ஐந்து போர்ட் ஜிகாபிட் சுவிட்சுக்கு 20 முதல் 30 வெள்ளி. சுவிட்சும் ரூட்டரும் சிம் லிம் சதுக்கத்தில், கம்பிச் சுருள், முனை, கருவி வகையறா எதிரே உள்ள சிம் லிம் டவரில்.

பிடிஓ வீட்டுக்காரர்கள்: அறைப் பாயிண்டில் செருகியும் ஒன்றும் வரவில்லை என்றால் பாயிண்ட் கெட்டுவிடவில்லை. அந்தக் கம்பியின் மறுமுனை டிபி பக்கம் எதிலும் செருகாமல் சும்மா நிற்கிறது. ரூட்டரிலிருந்து ஒவ்வோர் அறையின் முனைக்கும் ஒரு சிறு கம்பி போடவேண்டும். ரூட்டரில் போர்ட் போதாவிட்டால் நடுவில் சுவிட்ச். எந்த முனை எந்த அறை என்று தெரியாவிட்டால் 10, 20 வெள்ளிக்குக் கேபிள் டெஸ்டர் கிடைக்கும். ஒரு முறை சோதித்து, முனை மேல் அறையின் பெயரை ஒட்டி வையுங்கள்.

இனி அந்த 94. நெட்வொர்க் கம்பிக்குள் நான்கு ஜோடி, மொத்தம் எட்டுச் செம்பு இழை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒன்று அறுந்தாலும், சரியாக அழுந்தாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு முனையும் பேசிக்கொண்டு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இணையம் நிற்காது, அதனால் யாருக்கும் தெரியாது. வேகச் சோதனையில் 90-ஐ ஒட்டிய எண் அசையாமல் வருகிறது என்றால் வேறு காரணம் தேடாதீர்கள்: முதலில் சிறு கம்பியை மாற்றுங்கள், பிறகு நடுவில் பழைய 100 மெகாபிட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், கடைசியாகச் சுவர் பாயிண்டைக் கழற்றுங்கள். உள்ளே நிற வரிசை ‘பி’ முறையில் இப்படி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். சுவர்ப் பாயிண்டில் நிறக் குறியே அச்சிட்டிருக்கும், இரு முனையும் ஒரே முறையில் இருக்கவேண்டும்.

ஒரே கம்பியின் இரு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிடாதீர்கள். வீடு கூட்டும்போது கழன்ற முனையை யாரோ நல்ல மனத்தோடு காலியான ஓட்டையில் சொருகுவார்கள். அடுத்த நொடி விளக்கெல்லாம் வெறி பிடித்ததுபோல் மின்னும், வீடு முழுக்க இணையம் நிற்கும். அந்தக் கம்பியைப் பிடுங்கினால் சரியாகிவிடும்.

பாயிண்ட் இல்லாத பழைய வீட்டில் வெள்ளை டிரங்கிங் போட்டு ஆளை வைத்து இழுக்கலாம். ஒரு பாயிண்டுக்கு 80 முதல் 150 வெள்ளி வரை கேட்பார்கள், தூரத்தையும் மூலைகளையும் பொறுத்தது. மூன்று பாயிண்டாகச் சேர்த்துப் பேசினால் குறையும். மின்கம்பி போகும் அதே டிரங்கிங்குக்குள் நெட்வொர்க் கம்பியைத் திணிக்க விடாதீர்கள். வாடகை வீடென்றால் ஆணி அடிக்கும் முன் உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முன்பணம் திரும்ப வரவேண்டுமே.

மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் ஜோடிப் பெட்டிகள் கடைசி வழி. சுவர்ப் பாயிண்டில் நேராகச் செருகவேண்டும், எக்ஸ்டென்ஷனில் செருகினால் வேகம் விழும்.

7. வைஃபை

டிபி வாசலில் இருக்கிறது என்பதற்காக ரூட்டரும் வாசலில் இருக்கவேண்டியதில்லை. ஓஎன்டி டிபி பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து பத்து மீட்டர் கேட் 6 போட்டு ரூட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நெஞ்சு உயரத்தில், திறந்த இடத்தில். டிவிக்குப் பின்னால், ஷூ அலமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடி பதித்த அலமாரிக்குப் பின்னால் வேண்டாம். சாமி மேடை மேல் தட்டும் வேண்டாம், விளக்குப் புகையும் எண்ணெயும் காற்று ஓட்டையை அடைத்துவிடும்.

நாலறை வீட்டுக்குப் பெரும்பாலும் நடுவில் ஒரு நல்ல ரூட்டர் போதும். ஐந்தறை, எக்ஸிகியூட்டிவ், மாடி வைத்த வீடுகளுக்கு மெஷ் (ஒரே வைஃபையைப் பல பெட்டிகள் சேர்ந்து பரப்புவது) வாங்கலாம், இரண்டு பெட்டி 200 முதல் 400 வெள்ளி. இரண்டாவது பெட்டியை வைஃபை வராத அறைக்குள்ளேயே வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? பாதி வழியில், நன்றாக வரும் இடத்தில் வையுங்கள். அறையில் நெட்வொர்க் பாயிண்ட் இருந்தால் மட்டும் அறைக்குள் வைத்துக் கம்பியால் இணையுங்கள்; அதுதான் மெஷ்ஷின் முழுப் பயன்.

சேனல் (வைஃபை அலைவரிசை): அடுக்குமாடியில் மேலே, கீழே, பக்கத்தில் என்று முப்பது வைஃபை பெயர் தெரிவது சாதாரணம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததைப் போட்டு, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 80 அகலம் போதும். ரூட்டர் 52 முதல் 144 வரையுள்ள சேனலில் இருந்தால் ரேடார் சிக்னல் கேட்டதாக நினைக்கும்போதெல்லாம் சேனலை விட்டு ஓடவேண்டும், அது விதி. சாங்கி, பாய லேபார் போன்ற விமானத் தளங்களின் பக்கம் இருப்பவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அடிக்கடி மறைந்து ஒரு நிமிடம் கழித்து வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 36 அல்லது 149-இல் நிறுத்திவிடுங்கள்.

8. சாதனங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது

கைப்பேசி, மடிக்கணினிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவை அடம் பிடிக்கும்.

ஸ்மார்ட் விளக்கு, வாசல் மணி, துடைக்கும் ரோபோ, மலிவான கேமரா: பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்தவை. கைப்பேசி 5-இல் இருக்கும்போது சேர்க்கப் பார்த்தால் தேடிக்கொண்டே இருக்கும். ரூட்டரில் விருந்தினர் வைஃபையை 2.4-இல் மட்டும் திறந்து, கைப்பேசியை அதில் இணைத்து, சாதனத்தைச் சேர்த்துவிட்டு, அவை நிரந்தரமாக அங்கேயே இருக்கட்டும். பெயரிலும் கடவுச்சொல்லிலும் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போடுங்கள். இடைவெளியும் சிறப்புக் குறியும் சில சாதனங்களுக்கு ஒத்துவராது.

பிரிண்டர்: ஒரு வாரம் ஓடி, பிறகு “ஆஃப்லைன்” காட்டினால் அதன் முகவரி மாறியிருக்கும். ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

பழைய சாதனம் கடவுச்சொல் சரியாக இருந்தும் சேராவிட்டால் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்ததாக மாற்றுங்கள்.

பிள்ளைகளின் கைப்பேசிக்கு நேரக் கட்டுப்பாடு போட்டும் வேலை செய்யவில்லையா? கைப்பேசியின் வைஃபை அமைப்பில் “தனிப்பட்ட முகவரி” மாறிக்கொண்டே இருக்கும்படி வைத்திருக்கும். உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிலையாக வையுங்கள். பிள்ளை இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது.

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க ரூட்டர் அமைப்பில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் வரவில்லை என்றால் ரூட்டர் செயலியில் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். போர்ட் திறந்து பயனில்லை. தனி முகவரி தருவார்களா என்று நிறுவனத்தைக் கேளுங்கள், அல்லது மேகம் (கிளவுட்) வழி வேலை செய்யும் கேமரா வாங்குங்கள்.

அறை வாடகைக்கு இருப்பவர்கள்: 40, 50 வெள்ளிக்குக் கையடக்கப் பயண ரூட்டர் ஒன்று வாங்கி, அறையில் பாயிண்ட் இருந்தால் அதிலும் இல்லாவிட்டால் வீட்டு வைஃபையிலும் அதை இணைத்து, உங்கள் சாதனங்களை அதன் பின்னால் வையுங்கள். இரண்டு ரூட்டர்தான், ஆனால் இங்கே அது நல்லது. மற்ற அறைக்காரர்கள் உங்கள் கணினியைப் பார்க்க முடியாது.

9. பூட்டு

ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லும் வைஃபை கடவுச்சொல்லும் வேறு வேறாக இருக்கட்டும். அறை வாடகைக்கு விட்டிருந்தால் வாடகைக்காரர்களுக்கு விருந்தினர் வைஃபை மட்டும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைத் திறந்து, நேரத்தை அதிகாலை மூன்று மணிக்கு வையுங்கள். கடவுச்சொல் போடாமலே சாதனம் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

“உங்கள் ரூட்டர் ஊடுருவப்பட்டிருக்கிறது, நாங்கள் இணைய நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்” என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1799, அது ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு) உதவி எண். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இந்த எண்ணை ரூட்டர் மேலேயே ஒட்டி வையுங்கள்.

10. நின்றுபோனால், வீடு மாறினால்

நின்றுபோனால் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். எல்ஓஎஸ் சிவப்பா? நிறுவனம். பிஓஎன் பச்சை, ஆனால் கம்பியில் செருகிய மடிக்கணினிக்கும் இணையம் இல்லையா? ஓஎன்டி, ரூட்டர் வரிசையில் மறுபடி இயக்குங்கள். கம்பியில் வருகிறது, வைஃபையில் இல்லையா? சேனல், இடம். ஒரே சாதனத்துக்கு மட்டும் இல்லையா? அந்தச் சாதனத்தில் வைஃபையை மறக்கச் செய்து மறுபடி சேருங்கள். நிறுவனத்தை அழைக்கும் முன் கம்பியால் எடுத்த வேகச் சோதனைப் படமும், ஓஎன்டி விளக்குகளின் படமும் கையில் இருக்கட்டும். “வைஃபை மெதுவாக இருக்கிறது” என்று தொடங்கினால் அரை மணி நேரம் ரூட்டரை அணைத்து அணைத்து இயக்கச் சொல்வார்கள்.

ரூட்டரை ரீசெட் ஓட்டையில் ஊசி விட்டு அழுத்துவது கடைசி. விலேன், முகவரி ஒதுக்கீடு, பெயர்கள் எல்லாம் போய்விடும். சரியாக ஓடும் நாளில் அமைப்பைக் கோப்பாகச் சேமித்து வைத்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

வீடு மாறும்போது டிபியைக் கழற்றாதீர்கள், அது வீட்டோடு இருக்கவேண்டியது. ஓஎன்டி நிறுவனத்தின் சொத்தாக இருக்கலாம், திரும்பக் கேட்டால் மின் அடாப்டரோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். அடாப்டர் இல்லாவிட்டால் அதற்கும் காசு பிடிப்பார்கள். கொடுக்கும் முன் பின்புறத்து எண்ணைப் படம் எடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கி, கடைசி பில் வரும்வரை வைத்திருங்கள்.